சாமி தொடாத கறிச்சோறு

வெங்கடேசன் மாலை போட்டுவிட்டான் என்ற செய்தி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் பரவியபோது முதலில் சிரித்தவர் பஸ் ஸ்டாண்டு பிரியாணிக் கடைக்காரர். "நம்ப வெங்கடேசனா? கார்த்திகை பூராவுமா?" என்று கேட்டுவிட்டு அண்டாவைத் தட்டித் தட்டிச் சிரித்தாராம். அவர் சிரித்ததில் தப்பே இல்லை. ஆட்டுக்கறி என்றால் நாலு தெரு தாண்டியும் மூக்கு கண்டுபிடித்துவிடும் ஆசாமி வெங்கடேசன். ரோலிங் மில்லில் அவனோடு வேலை செய்கிறவர்கள், சம்பளத்தில் பாதி வீட்டுக்கு, பாதி கசாப்புக் கடைக்கு என்று கேலி பேசுவார்கள்.

ஆனால் போன வருஷம் பழுக்கக் காய்ந்த கம்பி ஒன்று உருளையை விட்டுத் துள்ளி அவன் காதோரமாகப் பறந்து போனது. வாயில் வந்தது ஒரே சொல், "அய்யப்பா!" கம்பி சுவரில் போய்ச் சொருகிக்கொண்டது. கூப்பிட்ட வாய்க்குக் கடன் தீர்க்க வேண்டாமா? கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, கழுத்தில் துளசி மாலை என்று இந்த வருஷம் கன்னிசாமி ஆகிவிட்டான். பொண்டாட்டி கௌரி சமைத்ததைத் தவிர வெளியே பச்சைத் தண்ணீர் தொடுவதில்லை. விடியலில் குளிர்ந்த தண்ணீரில் முழுக்கு. அதில் சளி பிடித்துக்கொண்டது தனிக்கதை.

மாலை போட்டால் எல்லோரும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். சொந்த அண்ணன் ஆதிநாராயணனுக்கு மட்டும் அது தொண்டையில் சிக்கும். நாற்பது வருஷமாக 'டேய்' என்று கூப்பிட்ட வாய் அல்லவா? "டேய் சாமி" என்று ஒரு வழியாகச் சமாதானம் செய்துகொண்டார்.

இந்த அண்ணனுடைய மகன் மோகன்ராஜுக்குப் பெண் பார்த்துக் கொடுத்ததே வெங்கடேசன்தான். அவன் மில் கேன்டீனில் சமையல் பார்க்கிற முத்தம்மாளின் மகள் அருணா. புருஷனை இழந்த பிறகு, மில்லில் மூன்று ஷிப்டுக்கும் சோறாக்கிப் போட்டே மகளைப் படிக்க வைத்தவள் முத்தம்மாள். அருணா இப்போது மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். கடம்பத்தூரில் நாலு ஏக்கர் நெல் நிலம் வைத்திருக்கும் ஆதிநாராயணன் முதலில் கொஞ்சம் முறைத்துக்கொண்டார். "கேன்டீன்காரம்மா ஊட்டு பொண்ணா?" என்றார். பெண்ணைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். மோகன்ராஜ் பார்த்ததும் வாயைத் திறந்தவன் மூடவே இல்லை.

தையில் கல்யாணம் என்று பேச்சு. மார்கழியில் யாரும் நல்ல காரியம் பேச மாட்டார்கள். அதனால் கார்த்திகையிலேயே கை நனைத்துவிட வேண்டும் என்று முடிவானது. இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் முதன்முதலாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டுக் கை நனைத்தால்தான் சம்பந்தம் உறுதி. வாயால் ஆயிரம் சொல்லலாம், சோற்றில் கை வைத்தால்தான் சொல் நிற்கும்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கடம்பத்தூரிலிருந்து ஒரு வேன் கிளம்பியது. பேசி முடித்தவன் தான்தானே என்று, வெங்கடேசன் முந்தின நாளே ஊருக்குப் போய் அவர்களோடு ஏறி வந்தான். முந்தின நாள் பஜனையில் கொடுத்த பஞ்சாமிர்தம் ஒரு தூக்கு நிறைய, ஜன்னல் கம்பியில் தொங்கியது. பக்கத்தில் அண்ணன் மகள் மோனிகா, அவள் மடியில் அவளுடைய இரண்டு வயசுப் பயல்.

பெரியபாளையம் தாண்டும்போது பயல் ஓங்கரித்தான். யாரும் பிடிப்பதற்குள் வெங்கடேசன் மடியிலேயே கொட்டிவிட்டான்.

"வண்டி ஒத்துக்கல சித்தப்பா," என்றாள் மோனிகா, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

"கொழந்த தானேம்மா, உடு," என்று வெங்கடேசன் தன் கறுப்புத் துண்டாலேயே பயல் வாயையும் தன் வேட்டியையும் சீட்டையும் துடைத்தான். குழந்தை எடுத்த வாந்திக்கு அருவருப்புப் படுகிற ஆள் இல்லை அவன். டிரைவர் மோசஸ் முன்னாலிருந்து ஒரு சானிடைசர் பாட்டிலை நீட்டினான். வெங்கடேசன் இரண்டு சொட்டு விட்டுக் கையைத் தேய்த்தான். கொரோனா கற்றுக்கொடுத்த பழக்கம். கை வாசமாக இருந்தது, மனசும் சுத்தமாகிவிட்டது.

கவரைப்பேட்டை வருவதற்குள் பயலுக்குத் தெளிந்துவிட்டது. எல்லோருக்கும் பசி. வெங்கடேசன் தூக்கைத் திறந்து அந்தக் கையாலேயே ஆளுக்கு ஒரு உருண்டை பஞ்சாமிர்தம் எடுத்து உள்ளங்கையில் வைத்தான். "இன்னும் கொஞ்சம் குடு சாமி" என்று ஆதிநாராயணன் இரண்டாம் முறை கை நீட்டினார். பெண் வீட்டுக்கென்று எடுத்து வைத்ததையும் வழித்து முடித்தார்கள். மோசஸ் மட்டும், "ஸ்டியரிங்ல கீறேன் சாமி, அப்புறமா குடுங்க," என்றான். அப்புறம் தூக்கில் ஒன்றும் இல்லை. மிச்சத்தை வெங்கடேசனே விரலால் வழித்து நக்கிவிட்டான்.

கும்மிடிப்பூண்டியில் முத்தம்மாள் வீட்டில் அன்றைக்கு விருந்து என்றால் விருந்து. மட்டன் குழம்பு, சுக்கா, ஈரல் வறுவல் என்று இலையில் இடமில்லை. முதல் பந்தி முழுக்க மாப்பிள்ளை வீட்டார். "மில்லுல ஆக்கிப் போடற அதே கையா இது?" என்று வெங்கடேசனுக்கே பொறாமை வருகிற மாதிரி வாசனை. அவன் உள்ளேயே போகவில்லை. வாசல் முருங்கை மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, வாசனைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். பாவம், மூக்குக்கு முதுகு கிடையாதே.

முத்தம்மாள் மோர் கொண்டு வந்தாள். வேண்டாம் என்றான். இளநீர் வெட்டிக் கொண்டு வந்தாள். அதுவும் வேண்டாம். கடைசியில் ஒரு சொம்பு தண்ணீர்.

"எங்க ஊட்டுத் தண்ணி கூட ஆவாதா சாமி?"

"அப்பிடி இல்ல சம்பந்திம்மா. கன்னிசாமி நானு. மாலைய எறக்கிக்கினு வரேன் பாரு, சட்டியோட துன்னுட்டுப் போறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அவள் முகம் விழுந்துவிட்டது. சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கை நனைக்கிற வீட்டில் பேசி முடித்தவனே வாய் நனைக்காமல் எழுந்து போவது அவளுக்கு நல்ல சகுனமாகப் படவில்லை. உள்ளே கறி முதல் பந்தியிலேயே காலி. பெண் வீட்டார் மட்டும் ரசத்தை ஊற்றிக்கொண்டு திருப்தியாகச் சாப்பிட்டார்கள், விருந்தாளி நன்றாகச் சாப்பிட்டதே போதும் என்று.

மறுநாள் மத்தியானம் மில்லில் வெங்கடேசனுக்கு வயிறு ஒரு புரட்டுப் புரட்டியது. பிறகு வாந்தி. பிறகு பேதி. கழிப்பறைக்கும் உருளைக்கும் நடுவே நடந்தே பாதி ஷிப்டு போனது. கூட வேலை செய்கிறவன், "இன்னா சாமி, அடிக்கடி போய்க்கினு கீற?" என்று கேட்டதற்கு, "போன் பேச," என்று சொல்லிவிட்டான்.

உடம்பு வேதனையை விடப் பயம்தான் பெரிசு. நேற்று கறி விருந்து, இன்றைக்கு இவனுக்கு வயிற்றால் போகிறது. ஊர் என்ன சொல்லும்? மாலையைப் போட்டுக்கொண்டு அடுப்பங்கரையில் பூந்து சுக்காவைத் தின்றான், சாமி தண்டித்துவிட்டது என்று சொல்லும். வேறு யாராவது தின்னவில்லை என்றால் நம்புவார்கள். வெங்கடேசன் சொன்னால், பிரியாணிக் கடை அண்டா கூடச் சிரிக்கும். வெளியே சொல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் போய், "வயித்தால போவுது, ஒரு செட் குடுப்பா," என்று வாங்கிக்கொண்டான். நாலு கலர் மாத்திரை ஒரு சின்னக் காகித உறையில் வரும். என்ன ஏது என்று யாரும் கேட்க மாட்டார்கள். இந்த மாதம் சளிக்கு வாங்கிப் போட்டதும் இதே மாதிரி செட்டுகள்தான். சிப்காட்டில் பாதிப் பேருக்கு அந்த உறைதான் டாக்டர்.

செவ்வாய்க்கிழமை அண்ணனிடமிருந்து போன் வந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

"டேய் சாமி, வேன்ல வந்த மொத்த பேரும் படுத்துக்கினு கீறோம்டா. நானு, உங்க அண்ணி, மோனிகா, மோகன்ராஜு, யாரும் பாக்கி இல்ல. வாந்தியும் பேதியும். நேத்து பூரா ஊடே நாறிப் போச்சு. அந்தம்மா கெட்டுப்போன கறிய ஆக்கிப் போட்டு எங்கள கொல்லப் பாத்திருக்குது. அவங்க ஒருத்தராவது அந்தக் கறிய துன்னாங்களா? ரசம் ஊத்திக்கினு துன்னாங்க! அப்பவே எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு."

"கறி தீந்து போச்சுண்ணா, அதனால தான்..."

"அவங்களுக்கு வேணும்னா எடுத்து வெச்சிருக்க மாட்டாங்களா? இந்த சம்பந்தம் வேணாம். வியாழக்கெழம நான் வரேன். நீ பாத்த எடம், நீயே வந்து வேணாம்னு சொல்லு."

போனை வைத்த பிறகு வெங்கடேசன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கறி கெட்டது என்றால், கறியே தொடாத எனக்கு ஏன் போகிறது? அந்தக் கேள்விக்குப் பதில் அவன் வயிற்றுக்குள்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னால் கூத்தாகிவிடும். சொல்லாவிட்டால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும். அருணாவோடு போகிற விஷயமும் இல்லை. கெட்ட கறி ஆக்கிப் போட்டாள் என்று பேர் வந்தால் முத்தம்மாளின் கேன்டீன் வேலையும் போய்விடும்.

இரண்டு நாள் செட்டு போட்டும் வயிறு நிற்கவில்லை. புதன்கிழமை காலையில் அவன் கண் உள்ளே போயிருந்ததைப் பார்த்த கௌரி கேட்டாள். "உண்மைய சொல்லு. அந்த ஊட்ல ஒரு துண்டாவது வாயில போட்டுக்கினியா?"

"நீ கூடவா?"

"நானே நம்பலன்னா ஊரு எப்பிடி நம்பும்? அதான் கேட்டேன்."

"அய்யப்பன் மேல சத்தியமா இல்லடி."

மாலையைத் தொட்டுச் சொன்னதும் கௌரி நம்பிவிட்டாள். நம்பியதோடு நிற்கவில்லை, கையைப் பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே டாக்டர் சுமலதா. சின்ன வயசு, தெலுங்கு வாடை அடிக்கிற தமிழ், எதையும் அவசரப்படாமல் கேட்கிற பழக்கம். வெங்கடேசனின் நாக்கைப் பார்த்தார், கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். முதலில் யாருக்கு வந்தது, எப்போது வந்தது, யார் யார் ஒன்றாக இருந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பயல் வேனில் வாந்தி எடுத்தது வரைக்கும் வெங்கடேசன் சொன்னான்.

"விருந்துல நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமே சாப்புடல மேடம். மாலை."

"தண்ணி கூட?"

"தண்ணி கூட இல்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ கறி மேல பழி போடறது கஷ்டம். டெஸ்ட் பண்ணாம நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கேக்கறதுக்கு இது வயித்த பிடிக்கிற வைரஸ் மாதிரிதான் இருக்கு. ஒரு ஆளுக்கு வந்தா கூட இருக்கிறவங்களுக்கு ஒரு நாள், ரெண்டு நாள்ல வரும். முதல்ல அந்தக் குழந்தைக்குத்தான் வந்திருக்கு. வாந்தி தொடச்ச கையால அப்புறம் என்ன பண்ணீங்க?"

வெங்கடேசன் கௌரியைப் பார்த்தான். கௌரிதான் சொன்னாள். "எல்லாருக்கும் பஞ்சாமிர்தம் குடுத்துச்சாம் மேடம்."

"சானிடைசர் போட்டுக்கினேன் மேடம்!"

"அது இந்த மாதிரி வைரஸுக்கு சரியா மசியாது அண்ணா. சோப்புப் போட்டு, ஓடற தண்ணியில நல்லா தேச்சுக் கழுவணும். பஞ்சாமிர்தத்த குறை சொல்லாதீங்க, அது பாவம் என்ன பண்ணும்? கைதான்."

வெங்கடேசன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பத்துப் பதினைந்து பேரைப் படுக்க வைத்த கை. கறிக்கு விடுதலை கிடைத்ததில் வந்த நிம்மதி, கைக்கு வந்த குற்றத்தில் பாதி கரைந்தது.

இந்த மாதம் என்னென்ன மாத்திரை போட்டான் என்று விசாரித்து, டாக்டர் அந்தக் காகித உறையைக் கேட்டு வாங்கினார். மாத்திரைகளை மேஜையில் கொட்டி ஒன்றை மட்டும் விரலால் தள்ளி வைத்தார்.

"இது ஆன்டிபயாடிக். பாக்டீரியாவ அடிக்கும், வைரஸ ஒண்ணும் பண்ணாது. ஆனா உங்க குடலுக்குள்ள கோடி கோடியா பாக்டீரியா குடியிருக்கு. முக்கால்வாசி நமக்கு வேண்டியதுங்க. நாம செரிக்க முடியாதத செரிச்சுக் குடுக்கும். கெட்டது உள்ள வந்தா கால் வைக்க எடம் குடுக்காது. யாரு நம்மாளு, யாரு திருடன்னு உடம்போட எதிர்ப்பு சக்திக்குப் பழக்கிக் குடுக்கறதுலயும் அதுங்களுக்குப் பங்கு உண்டு. சளிக்கு ஒரு செட்டு, பேதிக்கு ஒரு செட்டுன்னு நீங்க போட்டது திருடன உட்டுட்டு ஊர்க்காரங்கள அடிச்ச கதை."

"மில்லுல ஷிப்டு ஆளுங்கள எல்லாம் வெளிய அனுப்பிட்டு கேட்ட தொறந்து வெச்ச மாதிரி," என்றான் வெங்கடேசன்.

"அதேதான். உங்க அண்ணன் நாளைக்கு எழுந்து வரேன்னு சொல்றாரு, உங்களுக்கு இன்னும் போய்க்கிட்டு இருக்குன்னா, அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

"போனதுங்க திரும்பி வருமா மேடம்?"

அவன் கேட்ட விதத்தில் டாக்டர் சிரித்துவிட்டார். "வரும். கொஞ்ச நாள் ஆகும். தயிர், சோறு, காய்கறின்னு ஒழுங்கா சாப்பிடுங்க, பெருகிக்கும். இப்போதைக்கு மருந்து இந்த உப்பு சர்க்கரைப் பவுடர்தான். காய்ச்சி ஆறின தண்ணியில கலந்து, ஒவ்வொரு தடவ போனதுக்கு அப்புறமும் குடிக்கணும். உடம்புல தண்ணி வத்தித்தான் ஆளு காலி ஆவுறது. விரதம்னு சொல்லிக்கிட்டு தண்ணி குடிக்காம இருந்தீங்கன்னா அட்மிட் பண்ணிடுவேன்."

வெளியே வந்ததும் கௌரி சொன்னாள். "நாளைக்கு நீ சொல்லணும்."

"சொன்னா சிரிப்பாங்கடி. துன்னுட்டு கதை உடறான்னுவாங்க."

"சிரிக்கட்டுமே. சிரிச்சா உன் மானம் போவும். சொல்லலன்னா அந்தப் பொண்ணு வாழ்க்க போவும். எது கனம்னு உனக்குத் தெரியாதா?"

வியாழக்கிழமை சாயங்காலம் முத்தம்மாள் வீட்டு வாசலில் அதே வேன், அதே மோசஸ். இறங்கியவர் ஆதிநாராயணன் மட்டும். கையில் முத்தம்மாள் அன்றைக்கு வைத்துக் கொடுத்த தாம்பூலத் தட்டும் வேட்டியும் துண்டும் அப்படியே இருந்தன. அதைப் பார்த்ததுமே முத்தம்மாளுக்குப் புரிந்துவிட்டது. அருணா உள் அறைக் கதவோரம் நின்றாள். அழுது முடித்த முகம். முன்னமே வந்திருந்த வெங்கடேசன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"காலையில என் கண்ணு முன்னால அறுத்த ஆடு அண்ணே," என்றாள் முத்தம்மாள். "தெனமும் எத்தினி பேருக்கு ஆக்கிப் போடற கை இது. என் பொண்ணு போற ஊட்டுக்கா நான் கெட்டதப் போடுவேன்? இதோ நிக்குதே மோசஸ் தம்பி, அது மூணு தடவ வாங்கித் துன்னுச்சு. அதுக்கு எதுனா ஆச்சா?"

"ஆவலையே," என்றான் மோசஸ். "இன்னொரு வாட்டி கூட துன்னுருப்பேன்."

"டிரைவர் வயிறு கல்லையும் அரைக்கும், அத உடு," என்று தட்டிக்கழித்தார் ஆதிநாராயணன். மூன்று நாள் படுத்த எரிச்சல் அவர் முகத்தில் அப்படியே இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. தன் பிள்ளை சுருண்டு படுத்ததைப் பார்த்த தகப்பன், அவ்வளவுதான். "பேச்சு எதுக்கு? டேய் சாமி, நீ பாத்த எடம். நீயே சொல்லிடு."

எல்லோரும் வெங்கடேசனைப் பார்த்தார்கள். அவனுக்கு உடம்பில் தெம்பில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். சரணம் அய்யப்பா என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டான்.

"எனக்கும் போவுதுண்ணா."

"இன்னா போவுது?"

"வயித்தால. திங்கக்கெழமையிலேருந்து. வாந்தியும்."

மோசஸ் தொண்டையைச் செருமினான். ஆதிநாராயணன் முகத்தில் முதலில் திகைப்பு, பிறகு கோபம் ஏறியது. 'சாமி' எங்கேயோ பறந்து போனது.

"டேய் வெங்கடேசா! மாலையப் போட்டுக்கினு கறி துன்னியாடா நீ?"

பயந்தது அப்படியே நடந்துவிட்டது. "துன்னலண்ணா. ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்கல."

"உன்ன எனக்குத் தெரியாதா? ஈரல் வறுவல்னா பொணம் கூட எழுந்து வரும்னு சொல்ற ஆளு நீ. எல்லாரும் பந்தியில இருக்க சொல்ல பின்பக்கமா பூந்து..."

"துன்னல!"

இது வெங்கடேசன் குரல் இல்லை. முத்தம்மாள். இதுவரை கெஞ்சிக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றிருந்தாள்.

"அவுரு துன்னல. நான் சொல்றேன். அடுப்ப உட்டுக் கூட கண்ண எடுத்திருப்பேன், இவர உட்டு எடுக்கல. மோர் குடுத்தேன், வேணாம்னாரு. எளநி வெட்டிக் குடுத்தேன், வேணாம்னாரு. தண்ணி குடுத்தேன், அதுவும் வேணாம்னாரு. எப்பனாச்சும் தாகம் எடுக்கும், ஒரு வாய் கேப்பாருன்னு ஜன்னல் வழியா பாத்துக்கினே இருந்தேன். வண்டி ஏறற வரைக்கும் கேக்கல. இந்த ஊட்டுத் தண்ணி கூடத் தொடாம போறாரேன்னு எனக்கு அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல. அந்தக் கோவம் இப்ப கூடப் போவல எனக்கு. அவரு மேல பொய் சொல்லாதீங்க."

தன் பெண்ணின் கல்யாணத்துக்காகப் பேசுகிறோம் என்பது அப்போது அவளுக்கே நினைவில்லை. மனசில் கிடந்த வருத்தத்தைக் கொட்டிக்கொண்டிருந்தாள். அதனாலேயே ஆதிநாராயணனுக்கு அதில் சந்தேகப்பட இடமில்லாமல் போயிற்று. மனுஷி பொய்க்காக இப்படி மூச்சு வாங்க மாட்டாள்.

"துன்னவனுக்கும் போவுது, துன்னாதவனுக்கும் போவுதுன்னா..." என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"கறி இல்லண்ணா," என்றான் வெங்கடேசன். "என் கை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். பயலின் வாந்தி, கறுப்புத் துண்டு, சானிடைசர், பஞ்சாமிர்தம், டாக்டர் சொன்ன வைரஸ், செட்டு மாத்திரையில் செத்துப் போன நல்ல கிருமிகள் வரைக்கும் ஒன்று விடவில்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "உங்க எல்லாரையும் படுக்கப் போட்டது நான்தான்ணா. சம்பந்திம்மா மேல தப்பே இல்ல," என்றான்.

"அதான் நமக்கு ஒண்ணும் ஆவல!" என்று மோசஸ் துள்ளினான். "கறி மூணு தடவ உள்ள போச்சு, பஞ்சாமிர்தம் ஒரு தடவ கூடப் போவல!"

ஆதிநாராயணன் போனை எடுத்தார். "மோனிகா, பையனுக்கு எப்ப ஆரம்பிச்சுது? உண்மைய சொல்லு." அந்தப் பக்கம் கொஞ்சம் முனகல், பிறகு அழுகை. சனிக்கிழமையே பயலுக்கு இரண்டு முறை போனதாம். சொன்னால் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், தம்பிக்குக் கை நனைக்கிற அன்றைக்கு அக்கா இல்லாமலா என்று மறைத்துவிட்டாளாம். "பையன் இப்ப எப்பிடி கீறான்?" என்று கேட்டார். ஓடி விளையாடுகிறான் என்று பதில் வந்தது. போனை வைத்தவர் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டு வாட்டி கேட்டு வாங்கித் துன்னேனேடா, பாவி சாமி!"

முதலில் சிரித்தது அருணா. கதவோரத்திலிருந்து அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. அப்புறம் மோசஸ். அப்புறம் ஆதிநாராயணனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூன்று நாளாக வலித்த வயிறு, சிரிக்கவும் வலித்தது. தட்டை எடுத்து முத்தம்மாள் முன்னால் நீட்டப் போனவர், பாதியில் நிறுத்தித் தன் பக்கமே இழுத்து வைத்துக்கொண்டார்.

"இது எங்க ஊட்டுக்கு வந்த தட்டு. எங்க ஊட்லயே இருக்கட்டும். வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் சம்பந்தி, மனசுல வெச்சுக்காதீங்க. தையில கல்யாணம். அன்னிக்கும் நீங்களே பக்கத்துல நின்னு சொல்லித்தான் சமையல் நடக்கணும்."

முத்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். அருணா சட்டென்று உள்ளே மறைந்தாள். மாப்பிள்ளைக்குப் போன் போடத்தான் போயிருப்பாள், வேறென்ன?

நின்றுகொண்டிருந்த வெங்கடேசனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அத்தனை நேரம் பயம்தான் அவனை நிறுத்தி வைத்திருந்தது போலும். பயம் போனதும் கால் போயிற்று. நாற்காலியில் தொப்பென்று விழுந்து சட்டைப் பையிலிருந்து டாக்டர் கொடுத்த பவுடர் பொட்டலத்தை எடுத்தான். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"சம்பந்திம்மா," என்றான். "கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

முத்தம்மாள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "விரதம்னீங்களே?"

"மருந்துக்கு தோஷம் கெடையாது. அய்யப்பன் கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

முத்தம்மாள் பரணிலிருந்து, பெண்ணுக்குச் சீராக வாங்கி வைத்திருந்த புதுப் பித்தளைச் சொம்பை இறக்கினாள். அருணாவின் சீர்ச் சொம்பு இவ்வளவு சீக்கிரம் புழக்கத்துக்கு வரும் என்று யாரும் நினைக்கவில்லை. சோப்பைத் தேடி எடுத்துக் குழாயடியில் நின்று முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வெங்கடேசனும் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்று கழுவினான். விரல் இடுக்கு, நகக்கண், புறங்கை என்று அவன் கழுவிய கழுவலில் சோப்பு பாதியாகிவிட்டது. காய்ச்சி ஆற வைத்த தண்ணீரைச் சொம்பில் ஊற்றிப் பவுடரைக் கலக்கி, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தாள் முத்தம்மாள்.

உப்பும் இனிப்புமாக இருந்த அந்தத் தண்ணீரை வெங்கடேசன் மெதுவாக, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான். சொம்பைக் கீழே வைக்கவில்லை. அவள் பக்கமாகவே திருப்பி நீட்டி, "இன்னொரு சொம்பு குடும்மா," என்றான்.